ஹெர்மஸ் கப்பலில செத்த ஆக்கள்ட பேர்: பிளிமத் பக்கம் ஆராவது இருக்கீங்களா?

வணக்கம் உறவுகளே, மட்டக்களப்பில இருந்து எழுதுறன், ஒரு உதவி வேணும். 1942 ஏப்ரல் 9ல ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு எங்கட கடலில தாண்ட ஹெர்மஸ் எல்லாருக்கும் தெரியும்தானே, பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், கேப்டன் ஆன்ஸ்லோவோட சேர்த்து 307 பேர் செத்தது. டைவிங் போறவங்க கப்பலப் பத்திக் கதைக்கிறாங்க, ஆனா உள்ளுக்க இருந்த ஆக்கள்ட பேர் இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கு அது பெரிய மனவருத்தம். அதால தமிழில ஒரு பட்டியல் செய்யப் போறன்.

உடம்பு கிடைக்காத நேவிக்காரருக்கு கல்லறை இல்ல, பேர் மட்டும் இங்கிலாந்தில பிளிமத், போர்ட்ஸ்மத், சாத்தம் நினைவுத்தூண்களில இருக்கிற வெண்கலத் தகட்டில இருக்கும். கஷ்டம் என்னண்டா அதில கப்பல் பேர் போடயில்ல, வருசம், பதவி, பிறகு அகரவரிசை. பிளிமத் ஹோ (அந்த நினைவுத்தூண் நிக்கிற கடலோர மேடு) பக்கம் இருக்கிற ஆக்கள் 1942 தகடுகள எழுத்து வாசிக்கிற மாதிரி கிட்டவா படமெடுத்து அனுப்புவீங்களா? வெயில் நேரா அடிச்சா வெண்கலம் பளபளக்கும், மப்பான நாளெண்டா நல்லம்.

திருகோணமலை ஆக்களே, நிலாவெளி ரோட்டில இருக்கிற போர் மயானத்திலயும் பாருங்கோ. கல்லில கயிறு சுத்தின நங்கூரம் செதுக்கியிருந்தா அது பிரிட்டிஷ் நேவி. அதில 9 ஏப்ரல் 1942 எண்டு திகதி இருந்தா, பேர் இல்லாத கல்லெண்டாலும் பரவாயில்ல, படமெடுத்து கீழ போடுங்கோ, இல்லாட்டி இன்பாக்ஸ் பண்ணுங்கோ.