ரோட்டரி கட்டருக்கு எந்த மேட் வாங்கலாம்?

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஏற்காட்டில் இருக்கும் அக்காவின் குழந்தைக்குக் குளிருக்கு ஒரு குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் மெத்தென்ற போர்வை) தைக்கப் போகிறேன். துணி வெட்ட, உருளும் வட்டப் பிளேடு கொண்ட 45 மி.மீ. ரோட்டரி கட்டர் இருக்கிறது, வெட்டும்போது அடியில் விரிக்கும் மேட்தான் முடிவாகவில்லை.

44 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள காட்டனை மடித்தால் 22 அங்குலம். ஏ2 மேட்டின் நீளம் 23 அங்குலத்துக்குச் சற்றுதான் அதிகம். ஓரத்தில் ஸ்கேலை அழுத்திப் பிடிக்க இடமே இருக்காது. ஏ1 என்றால் 33 அங்குலம், தாராளம். ஆனால் மேசை சின்னது. மடக்கு மேட் வாங்கலாமா? மடிப்புக் கோட்டில் பிளேடு இடறாதா?

முன்பிருந்த மேட் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் கிடந்து வளைந்துவிட்டது. அதில் வெட்டிய துண்டுகள் எல்லாம் கோணல், மனசே ஆறவில்லை.

அப்புறம், அங்குலக் கட்டம் போட்ட ஏ1 மேட் சேலத்தில் நேரில் பார்த்து வாங்கக் கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.