28 சதவீதமாம்! லூயிவில் கணக்கை வடசென்னையில் விற்பவர்களுக்கு ஒரு கேள்வி

மின்ட்_மணிக்கூண்டு:
நேற்று லோகோ_பையன் இங்கே போட்ட பதிவைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பைடன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டாராம். போலீஸ்காரர்கள் அடிக்காமல், சுடாமல், பேசியே பதற்றத்தைத் தணிக்கப் பழகுவதற்கு மத்திய அரசு பணம் தரும் சட்டம். அந்த மாதிரிப் பயிற்சியால் லூயிவில் நகரத்தில் போலீஸ் பலப்பிரயோகம் 28 சதவீதம் குறைந்ததாம். நம் சட்டசபையிலும் இப்படி ஒன்று கொண்டுவந்தால் வடசென்னை ஸ்டேஷன்களில் சாவு நின்றுவிடுமாம். படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. லூயிவில் எந்த ஊர் என்று தெரியுமா? 2020 மார்ச் 13, நள்ளிரவு தாண்டி, பிரியோனா டெய்லர் என்ற 26 வயதுப் பெண்ணை அவர் வீட்டுக்குள்ளேயே போலீஸ் சுட்டுக் கொன்ற ஊர். ஊர் உலகத்தில் வேறு உதாரணமே கிடைக்கவில்லையா?

லோகோ_பையன்:
"நின்றுவிடும்" என்று நான் எழுதவில்லை. "குறையும்" என்றுதான் எழுதினேன். திருத்திக்கொள்ளவும். 28 என்பது நான் கனவில் கண்ட எண் இல்லை, சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வு. 2019இல் லூயிவில் போலீசில் ஒவ்வொரு டிவிஷனாக முறை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்தார்கள். மக்களுக்குக் காயம் 26 சதவீதம் குறைவு, போலீசுக்கே காயம் 36 சதவீதம் குறைவு.

மின்ட்_மணிக்கூண்டு:
ஆக, அதிகம் பிழைத்தது போலீஸ்காரர்கள்தான். நன்றி, நீங்களே சொல்லிவிட்டீர்கள். இன்னொன்று: பயிற்சி 2019, சட்டம் 2022. சட்டத்தால் 28 சதவீதம் குறைந்தது என்கிறீர்கள். பிள்ளை பிறந்த பிறகு கல்யாணமா?

லோகோ_பையன்:
சட்டத்தால் என்று எங்கே சொன்னேன்? பயிற்சியால் குறைந்தது, அந்தப் பயிற்சிக்குச் சட்டம் பணம் தருகிறது. குடியரசுக் கட்சியின் ஜான் கார்னினும் ஜனநாயகக் கட்சியின் ஷெல்டன் வைட்ஹவுசும் சேர்ந்து கொண்டுவந்த மசோதா. மனநலம் பாதித்தவரிடம் எப்படிப் பேசுவது, தற்கொலை மிரட்டலில் இருப்பவரை எப்படி அணுகுவது எல்லாம் அதில் வருகிறது. நம்மூரில் இதற்கு ஒரு பைசா ஒதுக்கிப் பார்த்திருக்கிறீர்களா?

ஓய்வு_ஏட்டு:
தம்பி, ஒதுக்கினார்கள். 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஆட்களை வைத்துத் தமிழ்நாடு முழுக்கக் காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி நடந்தது. மன அழுத்தம், கோபம், குடும்பம் எல்லாம் பேசினார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன். நல்ல வகுப்புதான், பொய் சொல்ல மாட்டேன். வகுப்பு முடிந்த அன்று மாலையே பந்தோபஸ்து போட்டார்கள், விடியும் வரை நின்றேன். 2021இல் வாரம் ஒரு நாள் விடுப்பு என்று அரசாணை வந்தது. அது எத்தனை ஸ்டேஷனில் ஒழுங்காகக் கிடைக்கிறது என்று ஏதாவது ஒரு கான்ஸ்டபிளிடம் கேட்டுப் பாருங்கள். தூங்காதவனுக்குக் கோபத்தைத் தணிக்க வகுப்பு எடுக்கிறார்கள்.

மின்ட்_மணிக்கூண்டு:
ஏட்டையா சொன்னதைக் கவனியுங்கள். 2018இல் பயிற்சி, 2020 ஜூனில் சாத்தான்குளம். தந்தையும் மகனும். இதில் எத்தனை சதவீதம் குறைந்தது லோகோ? உங்கள் 28 எங்கே?

ஓய்வு_ஏட்டு:
நான் சொன்னதை இப்படித் திருப்பக் கூடாது. நான் லீவு பற்றிச் சொன்னேன்.

சட்டம்_படிக்கிறேன்:
ஒரு நிமிடம். நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்? ரோட்டில் தகராறு நடக்கும்போது போலீஸ் பயன்படுத்தும் பலமா, ஸ்டேஷனுக்குள் விசாரணையில் அடிப்பதா? இரண்டும் வேறு. அமெரிக்க ஆய்வு எண்ணியது முதல் வகையை. அதை முதலில் முடிவு செய்துகொண்டால்...

மின்ட்_மணிக்கூண்டு:
தம்பி, பரீட்சைக்குப் படியுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். லூயிவில்லில் 28 சதவீதம் குறைந்ததென்றால், அடுத்த வருடமே அந்தப் பெண் எப்படிச் செத்தார்? 2023 மார்ச்சில் அவர்கள் நீதித்துறையே விசாரித்து, அந்த நகரப் போலீஸ் வழக்கமாகவே மக்கள் உரிமையை மீறுகிறது என்று அறிக்கை கொடுத்ததே, அது எத்தனை சதவீதம்?

லோகோ_பையன்:
பயிற்சி பெற்றது ரோந்துக் காவலர்கள். டெய்லர் வீட்டுக்குள் புகுந்தது போதைப்பொருள் வழக்குக்காக வந்த சாதாரண உடைப் போலீஸ். இரண்டையும் கலக்காதீர்கள்.

மின்ட்_மணிக்கூண்டு:
ஆகா! இதைத்தான் காலையிலிருந்து எதிர்பார்த்தேன். நம்மூரில் கொல்வது யார்? சிக்னலில் நிற்கும் ஏட்டா? 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளியை அடித்தது தனிப்படை. அதற்குப் பிறகுதான் அனுமதியில்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி டிஜிபி உத்தரவு போட்டார். உங்கள் பயிற்சி ரோந்துக்காரனுக்கு, அடிப்பவன் மப்டியில். அப்புறம் அவர்கள் என்ன பதற்றத்திலா அடித்தார்கள்? சாத்தான்குளத்தில் விடிய விடிய அடித்தார்கள். அதில் எந்தப் பதற்றத்தை எந்த வாத்தியார் தணிப்பார்? அங்கே சிசிடிவியில் இடம் இருந்தும் தினமும் பதிவு தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று மாஜிஸ்திரேட் அறிக்கையே சொன்னது. அழிக்கத் தெரிந்தவனுக்கு வகுப்பு வேண்டாம், வழக்கு வேண்டும். அடிக்காமல் இருப்பதற்குத் தனியாகக் கூலி கொடுக்கச் சட்டமாம்.

காசிமேட்டுக்காரி:
மணிக்கூண்டு அண்ணே, லாக்கப் சாவு மட்டும் கணக்கா? 2020 பிப்ரவரி 14 இரவு வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராகப் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் தடியடி நடந்ததே, அது ரோட்டில்தான். அங்கே பேசத் தெரிந்த ஒரு இன்ஸ்பெக்டர் இருந்திருந்தால் அந்த ராத்திரி வேறு மாதிரி போயிருக்கும். எங்கள் பக்கத்தில் மீன் ஏலத்தில் சண்டை வந்தால், ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிற எஸ்ஐ வந்தால் அரை மணியில் முடியும். லத்தியைச் சுழற்றுபவர் வந்தால் சாயங்காலம் வரை கடை திறக்க முடியாது. பழக்கினால் வரும். நான் பயிற்சி பக்கம்தான்.

மின்ட்_மணிக்கூண்டு:
வண்ணாரப்பேட்டையில் தடியடி நடத்த உத்தரவு போட்டவருக்குப் பேசத் தெரியாதா தங்கச்சி? பேச விருப்பமில்லை. விருப்பத்துக்கு 28 சதவீதம் உண்டா?

லோகோ_பையன்:
28, 28 என்று நீங்கள்தான் ஜபம் செய்கிறீர்கள். 2022இல் கொடுங்கையூர் ஸ்டேஷனில் விசாரணைக்குக் கூட்டிப்போனவர் இறந்தபோது இங்கே ஒருவரும் இத்தனை வரி எழுதவில்லை. அவர் மேல் பல வழக்குகள் இருந்ததால் யாருக்கும் வருத்தமில்லை போல.

மின்ட்_மணிக்கூண்டு:
நான் எழுதினேன். அப்போது நீங்கள் நாவலூர் அபார்ட்மென்டில் கிரகப்பிரவேசத்தில் இருந்தீர்கள். லிப்ட் வைத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஸ்டேஷனுக்குச் சட்டம் எழுதுகிறார்.

லோகோ_பையன்:
என் அப்பா முப்பது வருடம் லோகோ ஒர்க்ஸில் வேலை செய்தவர். பெரம்பூரை எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம்.

ஓய்வு_ஏட்டு:
கொடுங்கையூர் எல்லாம் பிறகு வளர்ந்த ஏரியா. அதை வடசென்னை என்று பழைய ஆட்கள் சொல்வதில்லை.

காசிமேட்டுக்காரி:
ஏட்டையா, கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு மட்டும் வடசென்னைக்கு, ஊர் வேறயா?

ஓய்வு_ஏட்டு:
நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.

சட்டம்_படிக்கிறேன்:
கைது செய்யும்போது போலீஸ் என்ன செய்ய வேண்டும் என்று சொன்ன 1996 டி.கே. பாசு தீர்ப்பு, காவல்துறையைச் சீர்திருத்தச் சொன்ன 2006 பிரகாஷ் சிங் தீர்ப்பு, 2013 தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டம், 2020இல் எல்லா ஸ்டேஷனிலும் சிசிடிவி வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு. சட்டத்துக்கு இங்கே பஞ்சமில்லை. பயிற்சிக்குப் பணம் என்று தனித் தலைப்பில் ஒதுக்குவது நல்லதா என்பதுதான் கேள்வி. யாராவது அதற்குப் பதில் சொல்லுங்களேன்.

மின்ட்_மணிக்கூண்டு:
பதில் சொல்லியாகிவிட்டது. லூயிவில்.

லோகோ_பையன்:
இவரிடம் பேசிப் பயனில்லை. போன வருடம் கேரம் போட்டியில் ரெப்ரி சொன்னதையும் இப்படித்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

மின்ட்_மணிக்கூண்டு:
சிவப்புக் காய் விழுந்தது. அதற்கடுத்துப் போட வேண்டிய பாலோ காயைப் போடவில்லை என்று சொன்னது உங்கள் மச்சான். அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது, போடவா?

காசிமேட்டுக்காரி:
போடுங்கள் அண்ணே. பாலோ போட்ட மாதிரிதான் எனக்கு ஞாபகம்.

ஓய்வு_ஏட்டு:
அந்த வாரம் எனக்கு லீவு கிடைக்கவில்லை, நான் பார்க்கவில்லை.