அசுவத்தாமன் பெயரைச் சொல்லிக் குழந்தையை வாழ்த்தலாமா?

கேள்வி

அன்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் என் மகனின் ஆண்டு நிறைவுக்கு வீட்டில் ஆயுஷ் ஹோமம் செய்தோம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, புரோகிதர் சொல்லச் சொல்ல, அசுவத்தாமன், மகாபலி, வியாசர், அனுமன், விபீஷணன், கிருபர், பரசுராமர் என்று ஏழு சிரஞ்சீவிகளின் பெயர்களை நானும் சொன்னேன். முதல் பெயரிலேயே நா தடுமாறியது. நள்ளிரவில் பாசறைக்குள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் பிள்ளைகள் ஐவரையும் கொன்றவன் அவன். அதுவும் போதாமல் உத்தரையின் வயிற்றிலிருந்த கருவின்மீதும் அஸ்திரம் ஏவியவன். ஒரு வயதுக் குழந்தையை வாழ்த்துமிடத்தில் அவன் பெயர் எதற்கு?

பதில் 1

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். இங்கே ‘சிரம்’ என்பது தலையன்று, நெடுங்காலம். சிரஞ்சீவி என்றால் நெடுநாள் வாழ்பவர் என்பதே பொருள். சாவே இல்லாதவர் என்பதற்கு ‘அமரர்’ என்ற சொல் தனியாக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயருக்கு முன்னால் சிரஞ்சீவி என்று போடுகிறோம், மறைந்தவர் பெயருக்கு முன்னால் அமரர் என்று போடுகிறோம். வழக்கில் அந்த வேறுபாடு இன்னும் அழியவில்லை. தேவர்களுக்கே தவணை உண்டு என்பதுதான் புராணக் கணக்கு. பிரமனின் ஒரு பகலான 432 கோடி ஆண்டுகளில் மனித குலத்துக்குத் தலைவர்களான 14 மனுக்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து போகிறார்கள். ஒவ்வொரு மனுவோடும் இந்திரனும் மாறுகிறான்.

பதில் 2

மேலே சொன்னதிலிருந்தே உங்கள் கேள்விக்கு விடை தேடலாம். இப்போது நடப்பது ஏழாவது மன்வந்தரம், அதாவது ஏழாவது மனுவின் காலம். எட்டாவதில் மகாபலி இந்திரனாவான் என்றும், பரசுராமர், கிருபர், அசுவத்தாமன், வியாசர் ஆகிய நால்வரும் அப்போதைய ஏழு முனிவர்களில் இடம்பெறுவர் என்றும் விஷ்ணு புராணம் கூறுகிறது. ஆக, இந்த ஐவரின் நீண்ட ஆயுள் ஒரு பொறுப்பை ஏற்பதற்கான காத்திருப்பு.

ஆனாலும் அசுவத்தாமனின் காத்திருப்பை வரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நெற்றி மணியை இழந்து, சீழும் குருதியும் நாற, பேச்சுத்துணைக்கு ஓர் ஆள்கூட இல்லாமல் 3000 ஆண்டுகள் அலைவாய் என்பதுதான் மகாபாரதத்தில் கண்ணன் இட்ட சாபம். அதே இரவில் பாசறை வாயிலில் நின்று, தப்பியோடியவர்களை வெட்டியவர் கிருபர். அவரோ பின்னாளில், அந்தக் கருவிலிருந்து பிழைத்த பரீட்சித்துக்கே ஆசானானார். ஒருவருக்கு மாணவன் கிடைத்தான், மற்றவனுக்குப் பேச ஆளில்லை. இருவரையும் ஒரே வரிசையில் வைத்திருப்பதாலேயே அந்தப் பட்டியலை நான் மதிக்கிறேன்.

பதில் 3

எட்டாவதாகச் சேர்க்கப்படும் மார்க்கண்டேயரை மறந்துவிட வேண்டாம். திருக்கடவூர்க் கதை எல்லோருக்கும் தெரியும். வனத்தில் அவர் பாண்டவர்களுக்குச் சொன்ன இந்திரத்யும்னன் கதை அவ்வளவாகத் தெரியாது. மண்ணில் தன் புகழ் மறைந்ததால் சொர்க்கத்திலிருந்து விழுந்த அந்த அரசன், ‘என்னைத் தெரிகிறதா?’ என்று கேட்டு மார்க்கண்டேயரிடம் வருகிறான். அவருக்குத் தெரியவில்லை. அவரைவிட மூத்த இமயத்து ஆந்தைக்கும், அதைவிட மூத்த கொக்குக்கும் தெரியவில்லை. கடைசியில் ஏரியிலிருந்து அகூபாரன் என்னும் ஆமை மேலே வருகிறது. பெயரைக் கேட்டதும் அதன் கண்கள் நிறைந்து உடல் நடுங்குகிறது. ‘தெரியாமலா? இவன் தானம் கொடுத்த பசுக்களின் குளம்பு பட்டுப் பட்டுப் பள்ளமானதுதானே இந்த ஏரி’ என்கிறது.

நெடுநாள் வாழ்பவர் எதற்குத் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான விடையை நான் படித்ததில்லை: பிறர் செய்த நல்லதை நினைவில் வைத்திருக்க ஓர் உயிராவது மிஞ்ச வேண்டும். இராமன் கதை உலகில் வழங்கும்வரை தானும் இருக்க வேண்டும் என்று அனுமன் கேட்டுக்கொண்டதும் இந்த வகைதான். ஆமை சாட்சி சொன்னவுடனே விண்ணிலிருந்து தேர் வந்துவிடுகிறது. அரசனோ உடனே ஏறிப் போய்விடவில்லை. தனக்காக அவ்வளவு தூரம் வந்த கிழவர்களான மார்க்கண்டேயரையும் ஆந்தையையும் அவரவர் இடத்தில் கொண்டுவிட்ட பிறகே சொர்க்கம் போகிறான்.