புதுப்பிப்பு: க்யூ7 டீசலுக்கு எந்த ஆயில்? ஊற்றியாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: ஆடி க்யூ7 3.0 டீடிஐ, வாரண்டி முடிந்த வண்டி. "சென்னை வெயிலுக்குக் கெட்டியா 15டபிள்யூ-40 ஊத்துங்க சார்" என்கிறார் மெக்கானிக், கேட்கலாமா என்று. (பின்னால் வரும் எண் பெரிதானால் சூட்டில் ஆயில் கெட்டி.)

கேட்கவில்லை. கையேட்டைத் திறந்தால் ஆடியின் தாய் நிறுவனமான வோக்ஸ்வாகனின் ஆயில் தரம் 507 00 என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நான் கெட்டித்தன்மையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டியில் முக்கியமானது சாம்பல். ஃபில்டரில் சேரும் கரி ரீஜெனரேஷனில், அதாவது ஃபில்டரைச் சூடாக்கிச் சுத்தம் செய்யும்போது, எரிந்துவிடும். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும். அதனால்தான் 507 00 ஆயில், சல்ஃபேட்டட் ஆஷ் (ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பல்) 0.8 சதவீதத்தைத் தாண்டாத ஏசிஇஏ சி3 (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் ஆயில் பிரிவு) வகை.

சரி, வெயில்? சி3 ஆயிலுக்கு 150 டிகிரியில் அளக்கும் எச்டிஎச்எஸ் (கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஆயிலின் கெட்டித்தன்மை) குறைந்தது 3.5 மில்லிபாஸ்கல்-செகண்ட் இருக்க வேண்டும். பின் எண் 40 உள்ள 5டபிள்யூ-40க்கும் குறைந்தபட்சம் அதேதான். அப்புறம் என்ன பயம்!

கடைசியில் 507 00 அப்ரூவல் (கார் கம்பெனியின் ஒப்புதல்) உள்ள 5டபிள்யூ-30 ஊற்றினேன். டின்னில் "அப்ரூவல்" என்றே இருக்கிறதா பாருங்கள். "பரிந்துரைக்கப்படுகிறது" என்றால் அது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. மெக்கானிக் முகம்தான் கொஞ்சம் சுருங்கியது. நகர நெரிசல் ஓட்டம் என்பதால் 10,000 கிலோமீட்டரிலேயே மாற்றப்போகிறேன்.