ஜார்ஜியாவில் படம் எடுத்தால் 30% திரும்ப வரும் என்கிறார்கள், எங்கள் கணக்கில் வரவில்லையே?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா பக்கம் ஒரு சிறிய தமிழ்ப் படம் எடுக்கத் திட்டம். அங்கே படம் எடுத்தால் செலவில் 30% வரை மாநில அரசு வரிச் சலுகையாகத் தரும் என்கிறார்கள். மொத்த பட்ஜெட் 6 லட்சம் டாலர். அதில் 4 லட்சம் ஜார்ஜியாவில் செலவாகும். மீதி 2 லட்சம் சென்னையில்: எடிட்டிங், இசை, சவுண்ட் மிக்ஸ், அப்புறம் சில நடிகர்களுக்கு அங்கேயே கொடுக்கும் சம்பளம். முதலீட்டாளர்களுக்குப் போன தாளில் "மாநில அரசிடமிருந்து 1,80,000" என்று எழுதியிருக்கிறது. மொத்த பட்ஜெட்டில் 30%. ஆனால் எங்களுடையது புது எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி), ஜார்ஜியாவில் கட்ட வேண்டிய வரி என்று எதுவுமே இல்லை. கட்டாத வரியில் சலுகை கொடுத்தால் அது எப்படிப் பணமாகும்? அந்த 1,80,000-ஐ நம்பி ஒருவர் செக் எழுதத் தயாராக இருக்கிறார், அதனால் கொஞ்சம் அவசரம்.

பதில் 1 (தயாரிப்புக் கணக்கு பார்ப்பவர்):
செக்கை முதலில் நிறுத்தி வையுங்கள். சலுகை கிடைக்க ஜார்ஜியாவில் தகுதியான செலவு குறைந்தது 5 லட்சம் டாலர் இருக்க வேண்டும். மாநிலத்துக்குள் ஆகும் செலவு மட்டும்தான் கணக்கு, சென்னையில் கொடுப்பது சேராது. உங்களுடையது 4 லட்சம். அப்படியென்றால் 30% இல்லை, 20% இல்லை, பூஜ்யம்.

வரி இல்லாதவருக்கு எப்படி என்பது நல்ல கேள்வி. அங்கே கிடைப்பது வரிக் கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை. அரசு அதைப் பணமாகத் திருப்பித் தராது, ஆனால் மற்றவருக்கு விற்கலாம். ஜார்ஜியாவில் நிறைய வரி கட்டும் கம்பெனியோ தனிநபரோ தள்ளுபடி விலையில் வாங்குவார். ஒரு டாலர் கிரெடிட் பெரும்பாலும் 85 முதல் 90 சென்ட் வரை போகும், நடுவில் தரகர் கமிஷன் வேறு. விற்கும் முன் செலவுக் கணக்குத் தணிக்கை (ஆடிட்) கட்டாயம். 2021-ல் பெரிய படங்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்து, 2023 முதல் எல்லாப் படத்துக்கும் வந்துவிட்டது. தணிக்கைச் செலவும் உங்களுடையதே. பணம் கைக்கு வரும்போது படம் முடிந்து வெகுகாலம் ஆகியிருக்கும்.

பதில் 2:
சார் சொல்வது சரி, ஆனால் ஒரு வழி இருக்கிறதே. சென்னையில் செய்யப்போகும் மிக்ஸ், எடிட்டிங்கை அட்லாண்டாவுக்கு மாற்றி 5 லட்சத்தைத் தொட்டுவிட்டால்? 30% என்றால் 1,50,000. தள்ளுபடி போக 1,30,000 நிற்கும். இல்லாவிட்டால் அதே வரி ஆண்டில் இன்னொரு படமும் எடுத்துச் செலவைச் சேர்த்துக் காட்டலாம், அதற்கும் அனுமதி உண்டு.

பதில் 1:
இன்னொரு படம் எடுக்கப் பணம் இருந்தால் அவர் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டார்.

போஸ்ட் புரொடக்‌ஷனை மாற்றலாம், ஆனால் 30% போட்டுப் பார்க்காதீர்கள். அடிப்படை 20%தான். மேலே உள்ள 10% ஜார்ஜியாவின் பீச் பழச் சின்னத்தைப் படத்தில் போட்டு விளம்பரம் செய்வதற்கு. படம் ஒழுங்காக வணிக ரீதியில் வெளியாக வேண்டும். விநியோகஸ்தர் கையெழுத்து போடாத படத்துக்கு அதைக் கையிருப்பாக எழுதக்கூடாது. 5 லட்சத்தில் 20% என்றால் 1 லட்சம். 87 சென்ட்டுக்கு விற்றால் 87,000. சென்னையில் 40,000 டாலரில் முடிகிற வேலை அட்லாண்டாவில் 1 லட்சம் ஆகிறது என்று வைத்தால், கூடுதல் செலவே 60,000. மிச்சம் 27,000. தணிக்கையாளர், வக்கீல், தரகர் மூவருக்கும் கொடுத்த பிறகு என்ன இருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

கேட்டவர்:
புரிகிறது. ஒரே ஒரு சந்தேகம். கலிபோர்னியாவில் இருந்து வரும் ஒளிப்பதிவாளர் சம்பளம் சேருமா?

பதில் 1:
ஜார்ஜியாவில் வேலை செய்த நாட்களுக்கு, முறையான சம்பளப் பட்டியல் வழியாகக் கொடுத்தால் சேரும். வெளியூர்க்காரர் என்பது அங்கே தடையில்லை. எல்லா மாநிலமும் அப்படி இல்லை. நியூ மெக்சிகோ வெளிமாநில டெக்னீஷியன்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது.

பதில் 3 (பாஸ்டன், மாசசூசெட்ஸ்):
கதை அட்லாண்டாவில்தான் நடக்க வேண்டும் என்று கட்டாயமா? மாசசூசெட்ஸில் குறைந்தபட்சம் 50,000 டாலர்தான், விகிதம் 25%. விற்க வேண்டாம் என்றால் மாநிலமே 90 சென்ட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும். வாங்குபவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. 4 லட்சம் முழுவதும் தகுதி பெற்றால் கிரெடிட் 1 லட்சம், கையில் 90,000. சம்பளம் தவிர்த்த மற்றச் செலவுக்கான கிரெடிட்டுக்கு ஒரு நிபந்தனை: பட்ஜெட்டில் 75% மாநிலத்துக்குள் செலவாக வேண்டும், அல்லது படப்பிடிப்பு நாட்களில் 75% இங்கே நடக்க வேண்டும். உங்கள் செலவு மூன்றில் இரண்டு பங்குதான், அதில் தேறாது. நாள் கணக்கில் தேறிவிடும். அட்லாண்டா ஆட்களை இங்கே கொண்டுவந்து தங்கவைக்கும் செலவைக் கழித்துப் பாருங்கள், அதுதான் சுடும்.

பதில் 4:
எங்கே போனாலும் அந்த வருடத்துச் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். மிச்சிகன் 2008-ல் 42% வரை கொடுத்து ஆளை இழுத்தது, 2015-ல் கடையை மூடியது. அயோவாவில் 2009-லேயே திட்டத்தை நிறுத்தினார்கள், சலுகைப் பணத்தில் சொகுசுக் கார் வாங்கிய விவகாரம். இப்போது ரசீது ரசீதாகக் குடைகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

கேட்டவர்:
நன்றி. தாளில் அந்தத் தொகையைப் பூஜ்யமாக்கி எல்லோருக்கும் மறுபடி அனுப்பியாயிற்று. செக் எழுத இருந்தவர் யோசிக்கிறேன் என்கிறார், நியாயம்தான். மாசசூசெட்ஸ் கணக்கைத் தனியாகப் போடுகிறோம். மொத்தப் படப்பிடிப்பு 24 நாள், ஃப்ளாஷ்பேக் 4 நாள் சென்னையில். நாள் கணக்கு தேறுமா?

பதில் 3:
20 நாள் இங்கே என்றால் 83%, தேறும். சென்னையில் 6 நாள் ஆனால் சரியாக விளிம்பில் நிற்பீர்கள். மழை வந்து இங்கே ஒரு நாள் ரத்தானாலும் போச்சு. ஃப்ளாஷ்பேக் 5 நாளைத் தாண்டாதபடி இயக்குநரிடம் இப்போதே பேசி வையுங்கள்.