சென்னை வீட்டில் 25 சுருட்டு: மர ஹ்யூமிடார் வாங்கணுமா, டப்பா போதுமா?

மூணாம்மாடி:

வணக்கம், இந்தப் பழக்கத்துக்குப் புதுசு. கையில 25 சுருட்டு இருக்கு: 15 நிகராகுவா, 10 டொமினிக்கன். எல்லாமே ரொபஸ்டோ அளவு, 5 அங்குல நீளம், 50 ரிங் தடிமன். செல்லோபேன் உறையைப் பிரிக்கல. வீடு சென்னையில, கடற்கரைக்குப் பக்கம். படுக்கையறை ஏசி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை 24ல ஓடும். பகல்ல அதே அறை 32, 33 டிகிரிக்கு ஏறிடும்.

50 சுருட்டு கொள்ற கண்ணாடி மூடி மர ஹ்யூமிடார் (சுருட்டு காயாம ஈரம் காக்கிற பெட்டி) ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். ஈரம் அளக்கிற முள் வெச்ச ஹைக்ரோமீட்டரும், தண்ணி ஊத்துற ஸ்பாஞ்சும் அதோடவே வருது. வாங்கலாமா? எல்லாரும் 70% ஈரப்பதம்னு சொல்றாங்க, நம்ம ஊர்க் காத்துலயே அவ்வளவு இருக்கே, அலமாரியில சும்மா வெச்சா ஆகாதா? இல்ல பேசாம ஃப்ரிட்ஜுலயே வெச்சுடலாமா?

இலைக்கட்டு:

மூணுமே வேண்டாம்.

70% ஈரப்பதம், 21 டிகிரிங்கிறது குளிர் ஊர்க்காரங்க போட்ட கணக்கு. அங்க குளிர்காலத்துல ஹீட்டர் போட்டா காத்து வறண்டு சுருட்டு மொறுமொறுன்னு ஆயிடும். அதனால ஈரம் ஏத்துறதே அவங்க கவலை. நம்ம பிரச்சினை சூடு. புகையிலை வண்டுக்கு 30 டிகிரிக்கு மேல, 70% ஈரம்னா சொர்க்கம். அந்தச் சூட்டுல முட்டையிலிருந்து வண்டு வர ஒரு மாசத்தை ஒட்டித்தான் ஆகும். 18 டிகிரிக்குக் கீழ வளர்ச்சி கிட்டத்தட்ட நின்னுபோகும். நீங்க சொன்ன அலமாரி அதுக்குப் பண்ணை வெச்சுக் கொடுக்கிற மாதிரி. அதுபோக ஏசி அறையில காத்தோட ஈரம் 50ஐ ஒட்டி இறங்கும், ஏசியை நிறுத்தினா திரும்ப ஏறும். தினமும் இப்படி ஊதிச் சுருங்கினா மேலிலை, அதாவது சுருட்டுமேல சுத்தியிருக்கிற வெளி இலை, வெடிச்சிடும்.

முதல் வேலை ஃப்ரீசர், இலைக்குள்ள வண்டு முட்டை இருந்தா சாகட்டும். நல்ல கம்பெனிகள் பல ஏற்றுமதிக்கு முன்னாடியே உறையவெச்சுத்தான் அனுப்புது. ஆனா உங்க கைக்கு வர்றதுக்குள்ள அது எந்தெந்தக் கடையில, எதுகூட இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? செல்லோபேனோடவே ஜிப் கவர்ல போட்டு, காத்தை அமுக்கி வெளியேத்தி மூடுங்க. அதை இன்னொரு ஜிப் கவருக்குள்ள போடுங்க. 24 மணி நேரம் ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டு, அப்புறம் ஃப்ரீசர்ல 5 நாள், திரும்ப 24 மணி நேரம் கீழ்த்தட்டு. அதுக்கப்புறம் வெளிய எடுத்து, கவரைப் பிரிக்காம அரைநாள் அப்படியே விடுங்க. உடனே பிரிச்சா குளிர்ந்த இலைமேல வெளிக்காத்து வியர்க்கும். நேரா ஃப்ரீசர்ல போட்டாலும், நேரா வெளிய எடுத்தாலும் மேலிலை கீறும். இந்த இடைப்படியில அவசரப்படாதீங்க.

மைனஸ் 18ல 3 நாள் போதும்னு சொல்வாங்க. வீட்டு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரீசர் அப்பப்ப தானா பனியை உருக்கிக்கும், அதுக்குத்தான் 5 நாள். ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜுல மேல இருக்கிற ஐஸ் பெட்டியை நம்பாதீங்க, பலதுல மைனஸ் 6, மைனஸ் 12 தான் வரும். ஐஸ்கிரீம் கல்லா நிக்காம கரண்டி சுலபமா இறங்குதுன்னா அந்த ஃப்ரீசர் இதுக்கு ஆகாது.

அடுத்தது டப்பா. 25 ரொபஸ்டோவைக் கூட்டினாலே 1 லிட்டர்தான் வரும். நாலு பக்கமும் கிளிப் இருக்கிற, சிலிக்கான் வளையம் போட்ட 3 லிட்டர் டப்பா தாராளம். 10 லிட்டர் வாங்கினா காலி இடம்தான் அதிகமாகும், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அவ்வளவு காத்தும் மாறும். சோப்புல கழுவி, ரெண்டு நாள் மூடியைத் திறந்து காயவிடுங்க. அப்புறம் ஒரு நாள் மூடி வெச்சுத் திறந்து மோந்து பாருங்க. பிளாஸ்டிக் வாசனை அடிச்சா அது பருப்புக்குப் போகட்டும். எவர்சில்வர் டப்பா மூடி காத்தை அடைக்காது. ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடி நல்லது, வெளிச்சம் படாம இருந்தா.

ஈரத்துக்கு போவேடாங்கிற ஈரம் காக்கிற பை, 65% போட்டது, 60 கிராம்ல ஒண்ணு. 25 சுருட்டுக்கு ஒண்ணுங்கிறது கணக்கு. உள்ள உப்புக் கரைசல் இருக்கு, ஈரம் குறைஞ்சா விடும், கூடினா இழுக்கும். ஸ்பாஞ்சுக்கு விடத்தான் தெரியும். நவம்பர் மழையில 85% காத்து உள்ள வந்தா ஸ்பாஞ்ச் என்ன செய்யும்? பையைச் சுருட்டுமேல நேரா வெக்காம ஓரமா வைங்க. தேதியையும், சமையல் தராசுல பாத்த எடையையும் பைமேல எழுதிடுங்க. மழைக்காலத்துல எடை ஏறிக்கிட்டே போனா மூடி சரியா அடைக்கலன்னு அர்த்தம். முழுசா கல்லு மாதிரி இறுகிட்டா மாத்தணும். உள்ள கொஞ்சம் நறநறன்னு இருக்கிறது சாதாரணம்.

டப்பா எங்க இருக்குங்கிறதும் முக்கியம். பூஜை அலமாரிப் பக்கம் கற்பூரம், பத்தி. பீரோவுல அந்துருண்டை. ரெண்டும் இலையில ஏறினா போகவே போகாது. சமையலறை அதைவிட மோசம். மஞ்சள், மிளகாய், மல்லியில வர்ற செம்பழுப்பு வண்டு பெரும்பாலும் இதே புகையிலை வண்டுதான்.

மரத்தூள்:

மர ஹ்யூமிடார் பத்தி மட்டும் சொல்றேன். கண்ணாடி மூடின்னாலே, மரமும் கண்ணாடியும் சேர்ற இடத்துல ஒழுகலாம். கடையிலயே சோதிக்கலாம்: போன் டார்ச்சை எரியவிட்டு உள்ள வெச்சு மூடி, இருட்டுல சுத்திப் பாருங்க. வெளிச்சம் கசிஞ்சா காத்தும் கசியும். மூடியில 10 ரூபாய் நோட்டைச் செருகி இழுத்தா இறுக்கமா வரணும், வழுக்கிக்கிட்டு வரக் கூடாது.

உள்பக்கம் ஸ்பானிஷ் சீடர்தானான்னு கேளுங்க. பேர்ல சீடர் இருக்கே தவிர, அது வேப்பமரக் குடும்பம். தேவதாரு வேற, பைன் சாதி, எண்ணெய் வாசனை தூக்கலா இருக்கும், சுருட்டைக் கெடுத்துடும். புது மரம் காய்ஞ்சு கிடக்கும், அதைப் பழக்காம சுருட்டை அடுக்கினா இலையில இருக்கிற ஈரத்தை மரம் குடிச்சிடும். பழக்க 84% போவேடா பையைக் காலிப் பெட்டிக்குள்ள வெச்சு 14 நாள் திறக்காம விடணும். ஈரத்துணியால துடைக்கச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, பலகை வளைஞ்சா அப்புறம் மூடி உக்காராது. முள் ஹைக்ரோமீட்டரைக் கழட்டிப் போட்டுடலாம், 10 புள்ளி தப்பாக் காட்டினாலும் ஆச்சரியமில்ல.

டப்பாவுக்கும் கொஞ்சம் சீடர் நல்லது. சுருட்டுக் கடையில காலி மரப்பெட்டி கேட்டா தருவாங்க. உடைச்சு ரெண்டு பலகை அடியில போடுங்க. காகிதம் ஒட்டின பக்கத்தை விட்டுடுங்க. தேக்கு, ப்ளைவுட் துண்டெல்லாம் வேண்டாம்.

மூணாம்மாடி:

ரொம்ப நன்றி. ஃப்ரீசர் வேலை முடிஞ்சது. 3 லிட்டர் டப்பா, ஒரு 65 பை, டிஜிட்டல் மீட்டர் வெச்சு 4 நாள் ஆச்சு. மீட்டர் 66 காட்டுது, சரிதானே? ஆனா காலையில பாத்தா மூடிக்கு உள்பக்கம் லேசாப் பனி படிஞ்ச மாதிரி இருக்கு. டப்பா கட்டிலுக்கு எதிர்த் தட்டுல, ஏசிக்கு நேர் கீழ இருக்கு. செல்லோபேனைக் கழட்டணுமா?

பனித்துளி:

66ஐ நம்புறதுக்கு முன்னாடி மீட்டரை உப்பு வெச்சு சோதிங்க. சோடா பாட்டில் மூடியில ஒரு டீஸ்பூன் உப்பு, மேல சில சொட்டுத் தண்ணி. கரையக் கூடாது, ஈர மணல் பதத்துல இருக்கணும். கரைஞ்சு தண்ணியா நின்னா இன்னும் உப்பு போடுங்க. மூடியையும் மீட்டரையும் ஒரே ஜிப் கவர்ல, உப்பு மீட்டர்ல படாம வெச்சு, கொஞ்சம் காத்தோட மூடுங்க. ஏசி போடாத அறையில 24 மணி நேரம். அப்புறம் கவரைத் திறக்காமலே படிங்க, 75 காட்டணும். 71 காட்டினா உங்க மீட்டர் 4 குறைச்சுச் சொல்லுது, அந்த 4ஐ மனசுல கூட்டிக்குங்க.

பனி விஷயம் கணக்குதான். 32 டிகிரியில 70% ஈரம் இருக்கிற காத்து 26 டிகிரியை ஒட்டி வரும்போதே வியர்க்க ஆரம்பிக்கும். உங்க ஏசி 24. ஒரு கன மீட்டர்ல 23.7 கிராம் நீராவி இருந்த காத்து 24 டிகிரியில 21.8 கிராம்தான் தாங்கும். 3 லிட்டருக்கு மிச்சம் 6 மில்லிகிராம், ஒரு சொட்டுல எட்டுல ஒரு பங்கு. ஆனா சூடாவே இருக்கிற சுருட்டு, தான் குளிர்ற வரைக்கும் ஈரத்தை விட்டுக்கிட்டே இருக்கும், முதல்ல குளிர்ற மூடியில அது படியும். இலை நனையாத வரை ஆபத்தில்ல. தினமும் நடந்தா மூடிக்குப் பக்கத்துல இருக்கிற சுருட்டுல பூஞ்சை பிடிக்கும்.

சீக்கிரம் குளிராம பாத்துக்கிட்டா போதும். ஏசிக் காத்து நேரா படாத அலமாரி அடித்தட்டுல, மீன் வர்ற தெர்மாகோல் பெட்டி மாதிரி புதுசா ஒண்ணு வாங்கி, அதுக்குள்ள டப்பாவை வைங்க. பக்கத்துல 1 லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு, இறுக மூடி. தண்ணி மெதுவாத்தான் சூடாகும், மெதுவாத்தான் குளிரும், டப்பாவும் அதோட போகும். ஐஸ் பாட்டில் வெக்காதீங்க, வியர்வையை நீங்களே வரவழைச்ச மாதிரி ஆகும்.

செல்லோபேன் இருக்கட்டும். அது ஈரத்தை மெதுவா விடும், மேலிலை உரசாது. டியூப்ல வர்றதுக்கு மட்டும் மூடியைத் தளர்த்தி வைங்க.

மூணாம்மாடி:

உப்புச் சோதனையில சொல்லி வெச்ச மாதிரி 71 தான். அப்ப டப்பாவுக்குள்ள நிஜமா 70! 65 பை போட்டு ஏன் 70?

இலைக்கட்டு:

சுருட்டு ஈரமா வந்திருக்கு. கடைகள்ல 70, 72ல வெப்பாங்க. பை இழுத்துக்கிட்டு இருக்கு, செல்லோபேன் வேற தடுக்குது. ரெண்டு, மூணு வாரம் பொறுங்க. அதுவரை வாரம் ஒரு தடவை, ஏசி ஓடி அறை காய்ஞ்சிருக்கிற நேரத்துல ஒரு நிமிஷம் திறந்து மூடினா போதும், வாடையும் போகும். ரெண்டாவது பை போட்டாலும் சரிதான். மூணு வாரத்துக்கு அப்புறமும் எடை ஏறுதுன்னா வளையத்தைப் பாருங்க, முடி ஒண்ணு சிக்கியிருந்தாலே போதும்.

நேர் எதிரா காய்ஞ்ச சுருட்டு கைக்கு வந்தா, அவசரத்துல 72ல போடாதீங்க. உள்ளிலை சீக்கிரம் ஊதி மேலிலையைக் கிழிக்கும். 62ல ரெண்டு, மூணு வாரம், அப்புறம் 65.

குளிர்பெட்டி:

தெர்மாகோல் ஏற்ற இறக்கத்தைத்தான் குறைக்கும், சராசரிச் சூட்டைக் குறைக்காது. உங்க அறையோட சராசரி 29, 30 வரும். ரெண்டு, மூணு மாசத்துல முடியற 25 சுருட்டுக்கு, அதுவும் உறையவெச்சாச்சுன்னா, அதுவே போதும். வருஷக்கணக்கா வெக்கணும்னா ஒயின் குளிர்பெட்டிதான் வழி.

அதுல ரெண்டு சாதி. கம்ப்ரசர் இல்லாதது சத்தம் போடாது, ஆனா அறைச் சூட்டைவிட 10, 12 டிகிரிதான் கீழ போகும். 34 டிகிரி மே மாசப் பகல்ல 22, 24ல திணறிக்கிட்டு நிக்கும். சென்னைக்குக் கம்ப்ரசர் போட்டதையே வாங்குங்க, 18ல வைங்க. கம்ப்ரசர் ஓடும்போது காத்தை வறட்டும், அதனால உள்ள தட்டுல சுருட்டை அடுக்காம, அதே மூடின டப்பாவை உள்ள வைங்க. பெட்டிக்குள்ள ஈரம் எவ்வளவுன்னு அப்புறம் கவலையே இல்ல. கரண்ட் போனாலும் ரெண்டு மணி நேரம் தாங்கும். வெளிய எடுக்கும்போது டப்பாவை உடனே திறக்காதீங்க, வெளிக்காத்து உள்ள வியர்க்கும். தேவையானதை மட்டும் ஏசி அறையில வெச்சு சட்டுனு எடுத்து மூடுங்க.

சாதாரண ஃப்ரிட்ஜ் பத்திக் கேட்டிருந்தீங்க. 4 டிகிரியில வண்டு வராதுதான். ஆனா காத்து காய்ஞ்சது, மீன் குழம்பு வாசனையும் இலையில ஏறும். கண்ணாடி ஜாடியில இறுக மூடி வெச்சா அவசரத்துக்கு ஆகும், வழக்கமா வேண்டாம்.

உறையூர்ப்பக்கம்:

ஒரு இடைச்செருகல். உறையூர், திண்டுக்கல் சுருட்டு வாங்கினா இதே டப்பாவுல போடாதீங்க. அதைக் காய்ஞ்ச பதத்துலயே புடிப்பாங்க, 65% எல்லாம் தேவையில்ல. வாசனையும் கனமா இருக்கும், ரெண்டே வாரத்துல உங்க டொமினிக்கன் பத்தும் அதே வாசனை அடிக்கும். யாழ்ப்பாணத்து இனிப்புச் சுருட்டுக்கும், வெனிலா போட்டதுக்கும் இதேதான், தனி டப்பா.

மூணாம்மாடி:

கடைசியா ஒண்ணு. ரெண்டு சுருட்டுல மேலிலைமேல வெள்ளையா லேசா ஏதோ இருக்கு. வயசாகி எண்ணெய் வெளிய வந்த படிவம், நல்ல அறிகுறின்னு எங்கேயோ படிச்சேன்.

பனித்துளி:

அப்படிச் சொல்லி வித்தவங்க நிறைய. வெள்ளையா, பஞ்சு மாதிரி, புள்ளிபுள்ளியா இருந்தா பூஞ்சைன்னே எடுத்துக்குங்க. காய்ஞ்ச துணியால துடைச்சு, தனி ஜாடியில 62 பையோட மூணு வாரம் வைங்க, திரும்ப வரலன்னா சேர்த்துக்கலாம். பத்தவெக்கிற நுனியைத் திருப்பிப் பாருங்க. அங்க உள்ளிலைக்கு நடுவுல வெள்ளையோ பச்சையோ தெரிஞ்சா குப்பைதான், விலையைப் பாக்காதீங்க.

அதே கையோட வெள்ளைத் தாள்மேல அந்த நுனியைத் தட்டிப் பாருங்க. நைசான பழுப்புத் தூள் கொட்டி, மேலிலையில ஊசி குத்தின மாதிரி 1 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தா அது வண்டு. ஓட்டை விழுந்ததை எறிஞ்சுட்டு, மிச்சத்தையும் சீடர் பலகையையும் திரும்ப ஃப்ரீசர்ல போடுங்க. டப்பாவை வளையம் கழட்டிக் கழுவுங்க, அந்தப் பள்ளத்துலதான் புழு ஒளியும்.

மூணாம்மாடி:

தூள் இல்ல, ஓட்டையும் இல்ல. ரெண்டும் மூடிக்கு நேர் கீழ இருந்தது. துடைச்சு ஜாடிக்கு மாத்திட்டேன். தெர்மாகோல் பெட்டி நாளைக்கு.