40 புள்ளி பின்னாடி இருக்கும்போது கேப்டன் யார்: ஹாலண்டா, புரூனோவா?

கடைசிபெஞ்ச்: ஃபேன்டசி பிரீமியர் லீக் (இங்கிலாந்து கால்பந்து லீக்கின் நிஜ வீரர்களை வச்சு அணி கட்டி, அவங்க ஆட்டத்துக்கு ஏத்த மாதிரி புள்ளி சேர்க்கிற ஆன்லைன் விளையாட்டு). எங்க மினி லீக்ல (தெரிஞ்சவங்களுக்குள்ள நடக்கிற போட்டி) முதலிடம் 40 புள்ளி தூரத்தில், மிச்சம் 6 கேம்வீக் (ஒரு சுற்று மேட்ச்). மான்செஸ்டர் சிட்டி ஃபார்வர்டு ஹாலண்ட், மான்செஸ்டர் யுனைடெட் மிட்ஃபீல்டர் புரூனோ ஃபெர்னாண்டஸ் ரெண்டு பேரும் என் அணியிலும் முதலிடத்து ஆள் அணியிலும் இருக்காங்க. கேப்டன் எடுக்கிற புள்ளி இரட்டிக்கும். முதலிடத்து ஆள் வாராவாரம் கண்ணை மூடிக்கிட்டு ஹாலண்டுக்கே கேப்டன் கொடுக்கிறார். நாமும் அதையே செய்தா எப்படி முந்துறது?

சராசரிசாமி: முந்தணும்ங்கிற ஆசையில கணக்கை விட்டுடாதீங்க. ஃபார்வர்டுக்கு கோலுக்கு 4, மிட்ஃபீல்டருக்கு 5, அசிஸ்ட் யாருக்கும் 3. ஹாலண்ட் ஒரு மேட்ச்சில் 0.8 கோல் எதிர்பார்க்கலாம்னா 3.2; ஆடினதுக்கு 2. புரூனோ 0.4 கோல், 0.35 அசிஸ்ட்னா 2 + 1.05, ஆடினதுக்கு 2. அதாவது 5.2க்கு 5.05. மேட்ச்சில் நல்லா ஆடினவங்களுக்குக் கிடைக்கிற போனஸையும் சேர்த்தா ஹாலண்ட் இன்னும் கொஞ்சம் மேலே போவார். அதிகம் வர்ற பக்கம் கேப்டன் பட்டையைக் கட்டுங்க, அவ்வளவுதான்.

வைஸ்கேப்டன்வாசு: நீங்க போட்ட கணக்கே உங்களுக்கு எதிரா நிக்குது சாமி. வித்தியாசம் 0.15. எதிராளி எடுத்த அதே முடிவை எடுத்தா கேப்டன் வழியா அவரை நெருங்க பூஜ்ஜியம் வாய்ப்பு. புரூனோ பெனால்டி, கார்னர் எல்லாம் எடுக்கிறவர். தவிர கேப்டனை மாத்த எந்தச் செலவும் கிடையாது. ஆளையே மாத்துற டிரான்ஸ்ஃபர் கூடுதலா எடுத்தாத்தான் 4 புள்ளி போகும்.

சராசரிசாமி: சரி, அந்த வாய்ப்பையே கணக்கு போடுவோம். ஹாலண்ட் 13 (2 கோல், போனஸ் 3), புரூனோ வெறும் 2. எதிராளிக்கு 26+2=28, உங்களுக்கு 13+4=17. 11 இழப்பு. தலைகீழா நடந்தா 11 லாபம். 40ஐ எட்ட 6 வாரத்தில் 5 தடவை சரியா அமையணும்: 55 − 11 = 44. நாலு தடவை அமைஞ்சா 22தான் தேறும். கேப்டனை மட்டும் வச்சு இந்த மலையைப் புரட்ட முடியாது.

வைஸ்கேப்டன்வாசு: ட்ரிபிள் கேப்டன் சிப் (கேப்டன் புள்ளியை ஒரு கேம்வீக்குக்கு மூணு மடங்காக்கும் சலுகை) கையில் இருந்தா? அதே எண்களை வச்சே பாருங்க. புரூனோவுக்கு மூணு மடங்கு போட்டு அவர் 13 எடுத்தா 39+2=41; எதிராளி 4+13=17. லாபம் 24. சொதப்பினா 19க்கு 28, இழப்பு 9.

சராசரிசாமி: ஹாலண்டுக்கே போட்டா? அவர் அடிச்சா 41க்கு 28, லாபம் 13. அடிக்கலைன்னாலும் 19க்கு 17, லாபம் 2. ரெண்டு வழியிலும் சராசரி 7.5தான்.

வைஸ்கேப்டன்வாசு: அதேதான்! சராசரி ஒண்ணு, வீச்சு வேற. முன்னாடி இருக்கிறவனுக்கு 13/2. துரத்துறவனுக்கு 24/−9. 40 பின்னாடி இருக்கிறவன் 2 புள்ளியை வச்சு என்ன பண்ணுவான்?

பெஞ்ச்சுபாலு: ரெண்டு பேரும் நிமிடத்தை மறந்துட்டீங்க. கேப்டன் ஒரு நிமிடம்கூட ஆடாம இருந்தாத்தான் அந்த இரட்டிப்பு வைஸ் கேப்டனுக்குப் போகும். 85வது நிமிடம் உள்ளே வந்தா 1 புள்ளி, இரட்டிச்சா 2. வைஸ் 15 எடுத்தாலும் ஒண்ணும் சேராது. ஒரு அணிக்கு ரெண்டு மேட்ச் வர்ற டபுள் கேம்வீக்லயும் இதே கதை: ஒரு மேட்ச் ஆடி இன்னொண்ணுல உட்கார்ந்தாலும் வைஸ் வரமாட்டார். அதனால காயச் சந்தேகத்துல மஞ்சள் கொடி விழுந்தவருக்குப் பட்டை கூடாது. முழுசா வெளியே இருக்கிறவரைவிட அவர்தான் ஆபத்து. வைஸை வேற மேட்ச்சில் இருந்து எடுங்க. ஒரே மேட்ச் ஒத்திவைக்கப்பட்டா ரெண்டு பேரும் சேர்ந்து போயிடுவாங்க.

கடைசிபெஞ்ச்: அணிப் பட்டியல் பார்த்துட்டு மாத்தலாமா?

பெஞ்ச்சுபாலு: முடியாது. டெட்லைன் முதல் மேட்ச்சுக்கு 90 நிமிடம் முன்னாடி, பட்டியல் அதுக்கப்புறம்தான். சனிக்கிழமை 12.30 மேட்ச்னா இங்கிலாந்தில் காலை 11; நமக்கு அவங்க கோடைநேரத்தில் பிற்பகல் 3.30, குளிர்காலத்தில் 4.30. அங்கே வெள்ளி இரவு 8 மணி மேட்ச் இருந்தா நமக்கு இரவு 11, இல்ல சரியா நள்ளிரவு 12. இதுல தூங்கி கோட்டை விடுறவங்கதான் அதிகம்.

சராசரிசாமி: பாலு சொன்னதை ஏத்துக்கிறேன். வாசு சொன்னதுல பாதி: சிப் இருந்தா புரூனோவுக்குப் போடுங்க, அதுவும் சொந்த மைதானத்துல, கோல் நிறைய விடுற அணிக்கு எதிரா. மத்த அஞ்சு வாரம் ஹாலண்ட்.

வைஸ்கேப்டன்வாசு: அஞ்சுமா? ஹாலண்ட் வெளியூரில், அதுவும் வாரநடுவே சாம்பியன்ஸ் லீக் ஆடிட்டு வர்ற வாரத்திலுமா?

சராசரிசாமி: அந்த வாரம் வித்தியாசம் 0.15கூட இருக்காது. அப்ப புரூனோ. ஆனா அதுக்குப் பேரு சூதாட்டம் இல்ல வாசு, அதுவும் கணக்குதான்.